முத்துப் போட்ட தேத்தண்ணி

நான் தேத்தண்ணி குடிக்கத்தான் அந்தக் கடைக்குள் போனேன்.

தொண்ணூற்றியேழாம் ஆண்டு, தை மாதம். கனடாவில், ஷெப்பேர்ட் வீதியில் பஸ் என் கண்ணுக்கு முன்னாலேயே கதவை மூடிக்கொண்டு போய்விட்டது. அடுத்த பஸ் எப்போது வரும் என்பது ஆண்டவருக்கும் சாரதிக்கும்தான் தெரியும். காது இரண்டும் விறைத்து, இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய நிலை. பின்னால் இருந்த பிளாசாவில் புதிதாக ஒரு கடை திறந்திருந்தது. கண்ணாடியில் எல்லாம் சீன எழுத்து. நடுவில் ஆங்கிலத்தில் ரீ என்று ஒரே ஒரு சொல். ரீ என்றால் தேத்தண்ணிதானே என்று உள்ளே போய், பால் போட்டு ஒன்று தாருங்கள் என்றேன்.

உயரமான பிளாஸ்டிக் கப் ஒன்று வந்தது. அதற்குள் ஐஸ். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே ஐஸ் போட்டுத் தேத்தண்ணி தருகிறார்கள். சரி, காசு கொடுத்தாயிற்று என்று தடித்த ஸ்ட்ரோவை வாயில் வைத்து உறிஞ்சினேன். ஏதோ ஒன்று விர்ரென்று ஏறி வந்து மேலண்ணத்தில் மோதியது. பயந்துபோய்க் கப்பைத் தூக்கிப் பார்த்தால், அடியில் கறுப்புக் கறுப்பாக உருண்டைகள் கிடந்தன. அவ்வளவு நேரமும் அதை நான் கவனிக்கவில்லை.

கப்பைத் திருப்பிக் கொண்டுபோய் மேசையில் வைத்து, “மன்னிக்க வேணும், இதுக்குள் ஏதோ விழுந்துவிட்டது” என்றேன்.

மேசைக்குப் பின்னால் நின்றவர் ஐம்பதை நெருங்கும் ஒரு சிறிய பெண்மணி. கட்டையாக வெட்டிய தலைமயிர், நீல ஏப்ரன். கப்பை வெளிச்சத்தில் பிடித்துக் கவனமாகப் பார்த்தார்.

“எத்தனை விழுந்திருக்கிறது?” என்று கேட்டார்.

“கனக்க.”

அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பை நான் என்னவென்று சொல்ல. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தார். சிரித்து முடித்ததும் சுடச்சுட ஒரு சாதாரணத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அதைக் குடித்துக்கொண்டு நிற்கையில் கடையில் ரெலிபோன் அடித்தது. அவர் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“உனக்கு ஆங்கிலம் எப்படி?” என்று என்னைக் கேட்டார்.

“பரவாயில்லை.”

“என்னுடையதைவிட?”

“கொஞ்சம்.”

“அது போதும். எடுத்துப் பேசு.”

ரெலிபோனில் ஐஸ் மெஷின் திருத்துகிற கொம்பனிக்காரர். நான் பேசி ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை அந்தக் கடையில் எனக்கு வேலை. பின்னேரங்களில் கணக்கியல் வகுப்பு, பகலில் பபிள் ரீ என்கிற அந்த உருண்டைத் தேத்தண்ணி.

அவரை நான் அன்ரி என்றே கூப்பிட்டேன். எங்கள் ஆட்கள் வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அப்படித்தானே கூப்பிடுவோம். தாய்வானிலும் அதே வழக்கம்தான் என்று அவர் சொன்னபோது எனக்குப் பாதி வெட்கம் போய்விட்டது.

வேலை இலேசு என்றுதான் நினைத்தேன். தேத்தண்ணி ஊற்றுவதில் என்ன இருக்கிறது? முதல் நாளே அன்ரி என்னை உருண்டை அவிக்க விட்டார். பெரிய பானையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதிக்கிற மாதிரி இருக்கிறது என்பது சரிவராது, கொதிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பையை வெட்டிக் கொட்டலாம். கொட்டியதும் அடியில் ஒட்டாமல் ஒரு கிண்டல். உருண்டைகள் ஒன்றொன்றாக மேலே மிதந்து வரும். வந்ததும் நெருப்பைக் குறைத்து மூடி அவிய விட்டு, நெருப்பை அணைத்த பிறகும் மூடியபடி அதே சூட்டில் கிடக்க விட வேண்டும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் அலசி, சீனிப்பாகில் ஊறப் போட வேண்டும். இவ்வளவும் செய்து எடுத்தால் சில மணித்தியாலம்தான் உயிர். அதற்குப் பிறகு வெளியே பிசுபிசுத்து, உள்ளே சோக் கட்டிபோல ஆகிவிடும். அன்ரி அப்படியானவற்றை ஒரு யோசனையும் இல்லாமல் குப்பையில் கொட்டுவார். சாப்பாட்டைக் கொட்டிப் பழகாத நான் அந்த நேரம் மற்றப் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மற்றச் சாமான்கள் சின்னச் சின்னப் பகிடிகள் மாதிரி இருந்தன. பால் என்று நான் நினைத்தது பாலே இல்லை. பால்மாவைப் போன்ற ஒரு வெள்ளைத் தூள், மாட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. பின்னறையில் இருந்த தேயிலை மூட்டையில் ‘சிலோன்’ என்று எழுதியிருந்தது. அன்ரி அதைத் தட்டிக் காட்டி, “உன் ஊர்” என்றார். நான் மன்னாரில் பிறந்தவள். தேயிலைச் செடியைக் கலண்டரில்தான் கண்டிருந்தேன். அதைச் சொல்லி விளங்கப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஓம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

மன்னார் முத்துக்குப் பேர் போன இடம். இந்தத் தேத்தண்ணிக்குச் சீன மொழியில் முத்துப் பால் தேத்தண்ணி என்று பெயர். பிறகொருநாள் பேச்சில் நான் மன்னார் முத்தைப் பற்றிச் சொல்ல, அன்ரி என்னை முத்துக் குளிக்கிற பரம்பரை என்றே முடிவு செய்துவிட்டார். எங்கள் வீட்டில் ஒருவரும் முத்தைத் தொட்டதில்லை. அதையும் நான் திருத்தவில்லை.

ஒருநாள் கடையில் ஆட்கள் குறைவு. அன்ரி கேட்டார், “பபிள் என்றால் எது?”

அடியில் கிடந்த உருண்டையைக் காட்டினேன்.

“எல்லாரும் அதைத்தான் காட்டுவார்கள்” என்று சொல்லி, ஒரு தகரக் குவளையில் தேநீரையும் ஐஸையும் சீனிப்பாகையும் போட்டு மூடி, தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினார். கப்பில் ஊற்றியபோது மேலே வெண்மையாக நுரை நின்றது. “இது. பெயர் நுரைக்குத்தான் வைத்தது. உருண்டை பிறகு வந்து சேர்ந்தது.”

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தேநீர் என்றால் கிழவர்கள் சின்னச் சின்னக் கிண்ணத்தில் சூடாகக் குடிக்கிற சாமானாம். இளம் ஆட்கள் கிட்டப் போகமாட்டார்களாம். பிறகு யாரோ அதை, குடிவகை கலக்குகிற குவளையில் ஐஸோடு போட்டுக் குலுக்கினார்கள். அதற்குப் பிறகு தேநீர்க் கடையில் இருக்க இடம் இல்லை. உருண்டை எப்படி உள்ளே போனது என்பதில்தான் சண்டை. அன்ரி பிறந்த ஊர் தாய்ச்சுங். அங்கே ஒரு தேநீர்க் கடையில் வேலை செய்த பெண், தான் சாப்பிடக் கொண்டுவந்த இனிப்பு உருண்டையை விளையாட்டாகத் தேநீருக்குள் கொட்டினாளாம். அப்படித்தான் பிறந்தது என்பது அன்ரியின் கட்சி. அன்ரியின் புருஷன் தெற்கே தாய்னான் நகரத்து ஆள். அங்கே ஒருவர் சந்தையில் விற்ற வெள்ளை உருண்டைகளைப் பார்த்து, தேநீருக்குள் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தாராம். வெள்ளையாக முத்துப்போல இருந்தபடியால்தான் அந்தப் பெயரே வந்தது என்பது அவருடைய கட்சி.

புருஷன் இன்னமும் தாய்வானில்தான் இருந்தார். திருகாணி செய்கிற ஒரு தொழிற்சாலையை நடத்திக்கொண்டிருந்தார். அதைக் கைமாற்றிவிட்டு வருவதாகப் பேச்சு. நாங்கள் கடை திறக்கிற நேரம் அங்கே அவருக்குப் படுக்கப் போகிற நேரம். தினமும் அந்த நேரத்துக்குக் கடை ரெலிபோன் அடிக்கும். எனக்குச் சீனம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் தாய்ச்சுங், தாய்னான் என்ற இரண்டு பெயரும் மாறி மாறிக் காதில் விழும். அன்ரியின் குரல் உயரும், பிறகு சிரிப்பு வரும். ஒரு பானத்தின் பிறப்பைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாகச் சண்டை பிடிக்கிற புருஷன் பெண்சாதியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இன்னொரு பெயரும் உண்டு என்று அன்ரி ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். போபா. பெரிய உருண்டை போட்டதற்கு இளம் பொடியள் வைத்த பெயராம். என்ன கருத்து என்று கேட்டேன். கடையில் வேறு ஒருவரும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, தன் நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கைகளாலும் ஒரு அளவு காட்டினார்.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துபோய்விட்டார். அண்ணை முதலில் கனடாவுக்கு வந்து, பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு எடுத்தார். அஜின்கோர்ட்டில் அண்ணையின் வீட்டு பேஸ்மென்றில் நாங்கள் இரண்டு பேரும். மேலே அண்ணையும் மச்சாளும் அவர்களுடைய மகளும். அம்மா வீட்டிலேயே உறைப்பான கறியை உள்ளே வைத்துப் பொரிக்கிற ரோல்ஸும் பற்றிஸும் செய்து தமிழ்க் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தா. எங்கள் துவாய், புத்தகம், ஜெபமாலை எல்லாவற்றிலும் பொரித்த வாசம் இருக்கும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது அம்மாவுக்குப் பிடிபடவில்லை.

“தேத்தண்ணிக்கடை எண்டு சொல்லுறாய். பிறகு உருண்டை அவிக்கிறன் எண்டுறாய். உது தேத்தண்ணியோ சாப்பாடோ?”

“இரண்டும்தான் அம்மா.”

“இரண்டும் எண்டு ஒண்டும் இல்லை. ஒண்டைச் சொல்லு.”

அம்மாவுக்கு அது முக்கியமான கேள்வி. விபூதிப் புதனில் இருந்து உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அம்மா தேத்தண்ணி குடிக்கமாட்டா. ஒவ்வொரு வருஷமும் தவக்காலத்துக்கு அவ விடுகிறது அதைத்தான். முதல் கிழமை முழுக்கத் தலையிடி. இரண்டாம் கிழமை முழுக்க எங்களுக்குத் தலையிடி. அப்படிப்பட்ட ஒரு நாள் மத்தியானம் அம்மா என்னைத் தேடிக் கடைக்கு வந்துவிட்டா, கையில் ஒரு பெட்டி ரோல்ஸோடு. பிள்ளை எங்கே வேலை செய்கிறாள் என்று பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாதாம்.

அன்ரி நுரை ததும்ப ஒரு கப்பைக் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தார். அம்மா கையை விரித்தா. நான் தவக்காலத்தை விளங்கப்படுத்தினேன். அன்ரி தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, “தேநீர்தானே குடிக்க முடியாது?” என்றார். உள்ளே போய், தேநீரே இல்லாமல் சின்னக் கிண்ணத்தில் உருண்டைகளையும் கொஞ்சம் சூடான சீனிப்பாகையும் போட்டுக்கொண்டு வந்தார்.

“இது எதில செய்யிறது எண்டு கேள்” என்றா அம்மா.

நான் கேட்டேன். பதில் எனக்கு முன்பே தெரியும், ஆனால் அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். கிழங்கு மா. அந்த மாவில் கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து உருட்டிக் காயவைப்பது. கறுப்பு நிறம் கரிய சீனியால் வருவது. அன்ரி பேக்கற்றில் இருந்த கிழங்குப் படத்தைக் காட்டினார்.

அம்மா படத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. “மரவள்ளியோ?”

“ஓம்.”

சண்டைக் காலத்தில் பாதை பூட்டி, அரிசி மா ஒன்றும் வராமல் கிடந்த மாதங்களில் எங்கள் வீட்டில் காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, இரவு மிஞ்சின மரவள்ளி. கடைசியில் கிழங்கு அவிகிற வாசம் வந்தாலே நான் வளவுக்குள் போய் ஒளிந்துகொள்வேன்.

“உதைத் தின்னாமல் இருக்கத்தானே பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனாங்கள்” என்றா அம்மா.

அன்ரி ஆவலோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அன்ரி சிரிக்கவில்லை. அவருடைய தாயும் கஷ்டகாலத்தில் வற்றாளங்கிழங்கு தின்று வளர்ந்தவவாம், சாகும்வரை அதைத் திரும்ப வீட்டுக்குள் எடுக்கவில்லையாம். அதை நான் தமிழில் சொன்னதும் அம்மா கிண்ணத்தைக் கிட்ட இழுத்தா. ஒன்றை வாயில் போட்டு மென்றா. மென்றுகொண்டே இருந்தா.

“இன்னும் கொஞ்சம் அவிய வேணும்” என்றா.

இதை மொழிபெயர்த்திருக்கக் கூடாது. அன்ரிக்கு முகம் சிவந்துவிட்டது. அவியாததா? இதுதானே பதம். பல்லுக்கு எதிர்த்து நிற்க வேண்டும், ஆனால் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. தாய்வானில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு, க்யூ. நல்ல மீன் உருண்டை க்யூ, நல்ல நூடில்ஸ் க்யூ, இது க்யூவிலும் க்யூ. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சவ்வரிசி வீங்கிப்போன மாதிரிக் கிடக்கு” என்றா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் கிண்ணம் வெறுமையாகிவிட்டது. அன்ரி நின்ற நிலையிலேயே மூன்று ரோல்ஸ் சாப்பிட்டு முடித்திருந்தார். அடுத்த ஞாயிறு ஆட்டிறைச்சி சரியாக அவியாமல் போனபோது மச்சாளைப் பார்த்து, “க்யூவாக் கிடக்கு” என்றா.

அந்த வைகாசியில் அண்ணையின் மகளுக்கு முதல் நன்மை, கோவிலில் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். எட்டு வயது. இங்கேயே பிறந்தவள். கோவில் பேஸ்மென்ற் ஹோலில் விருந்து. கேக், ரோல்ஸ், பிரியாணி, பாட்டு என்று எல்லாம் பேசி முடித்த பிறகு மருமகள் என் கையைப் பிடித்தாள்.

“மாமி, என்ர பார்ட்டிக்கு பபிள் ரீ வேணும். ப்ளீஸ். என்ர கிளாஸில ஒருத்தரும் அப்பிடிச் செய்யேல்ல.”

அண்ணை விரும்பவில்லை. கோவில் ஹோலில் சீனாக்கடைச் சாமான் ஏன் என்றார். அம்மாதான் குறுக்கே வந்தா. “பிள்ளை ஆசைப்பட்டுக் கேக்குது. மரவள்ளிதானே, குடிச்சிட்டுப் போகட்டும்.” அன்ரியிடம் கேட்டேன். ஒரு கடைக்காரர் யோசிக்கிறது போல யோசிப்பார் என்று நினைத்தேன். உடனே ஓம் என்றார். தானே வந்து குலுக்குவேன் என்றார். தேவாலயத்துக்குள் அவர் அதுவரை போனதில்லையாம்.

விருந்தன்று அன்ரி நீல ஏப்ரனுக்குள் ஒரு பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முகம் சரியாக இல்லை. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. நித்திரை இல்லையாக்கும் என்று நினைத்தேன். ஹோல் குசினியில் மின்சார அடுப்பு ஒன்று. அதில் பிரியாணி சூடாகிறது, ரோல்ஸ் பொரிகிறது, எங்கள் பானையும் ஏறியிருக்கிறது. வெளியே பாட்டுக்காரர் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கரைப் பூட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொதிக்க ஒரு யுகம் எடுத்தது. ஒருவழியாகக் கொதித்து, அன்ரி உருண்டைகளைக் கொட்டி ஒரு கிண்டல் கிண்டினார். அந்த நேரம் பார்த்துப் பாட்டு தொடங்கியது. ஒரு வரிகூடப் பாடி முடியவில்லை, படக்கென்று எல்லாம் இருண்டது. பாட்டும் நின்றது, அடுப்பும் நின்றது.

பியூஸ் பெட்டி எங்கே என்று தேடி, அது பூட்டிக் கிடக்க, திறப்பு வைத்திருந்தவரைத் தேடி, வெளிச்சம் திரும்ப வந்தபோது பானைக்குள் உருண்டை இல்லை. கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிற பசை மாதிரிக் கறுப்பாக ஒரு கூழ். ஹோலில் பிள்ளைகள் ஏற்கனவே வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் மருமகள், வெள்ளை உடுப்பும் முக்காடுமாக.

அன்ரி கரண்டியைக் கீழே வைத்தார். கவிழ்த்து வைத்திருந்த ஒரு பால் பெட்டியில் இருந்தார். அழத் தொடங்கினார். சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்க.

நான் பதறிப்போய் முழங்காலில் இருந்து, “அன்ரி, மாதானே. வெறும் மா” என்றேன்.

“மாவுக்காக இல்லை” என்றார். காலையில் புருஷன் பேசியிருக்கிறார். இந்த வருஷமும் வரவில்லையாம். தொழிற்சாலையைப் பெரிதாக்கப் போகிறாராம். வருகிறேன், வருகிறேன் என்று மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டு இப்போது இப்படி. “நான் இங்கே யாருக்காகக் கடை வைத்திருக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.”

ரோல்ஸ் பொரிகிற தாச்சியடியில் நின்ற அம்மா, “என்னவாம்?” என்றா. சொன்னேன். அம்மா கையைச் சீலையில் துடைத்தா. ஒரு தட்டில் இரண்டு ரோல்ஸை வைத்து அன்ரியின் மடியில் வைத்தா.

“முதல்ல சாப்பிடச் சொல்லு. வெறும் வயித்தில அழக்கூடாது.”

அன்ரி சாப்பிட்டார். அன்றைக்கு அம்மா உறைப்பைக் கொஞ்சம் கூடவே போட்டிருந்தா. அன்ரிக்குக் கண்ணும் மூக்கும் ஓடின. எது எதற்காக ஓடுகிறது என்று எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. சாப்பிட்டு முடித்து முகத்தைத் துடைத்தார்.

“உன் அம்மாவிடம் கேள்” என்றார். “அவர் என்றால் என்ன செய்வார்?”

நான் கேட்டேன். அம்மா ஒரு ரோல்ஸைத் தாச்சியில் புரட்டிப் போட்டபடியே பதில் சொன்னா. “வாறதெண்டால் வரட்டும், வராட்டில் வரேல்லை எண்டு சொல்லட்டும். நடுவில தொங்க வைக்க வேண்டாமெண்டு அந்த மனிசனுக்குச் சொல்லச் சொல்லு.”

அன்ரி அதை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டார். பிறகு எழும்பி, “இன்னொரு பை இருக்கிறது. நல்ல அடுப்பு எங்கே இருக்கிறது?” என்றார்.

அண்ணையின் வீடு பத்து நிமிஷ ஓட்டம். அண்ணை அந்த மாதம்தான் புது வான் ஒன்று எடுத்திருந்தார். பிறம்ரனுக்கு வேலைக்குப் போய்வருகிற தூரத்துக்குப் பழைய கார் தாங்கவில்லை என்று எடுத்த வான். விருந்தை விட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு போனார். வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை அன்ரி பானையைவிட்டு அசையவில்லை. அவித்து, சூட்டில் கிடக்கவிட்டு, அலசிப் பாகில் போட்டு, பானையைக் கம்பளியால் சுற்றி, பின்சீற்றில் நானும் அன்ரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு திரும்பினோம். மிட்லண்ட் வீதியில் திரும்பும்போது மூடி நழுவியது. பாகு பாதி என் மடியிலும் பாதி புதுச் சீற்றிலும். பின்னால் என்ன நடந்தது என்று அண்ணை கண்ணாடியில் பார்த்தார். ரேடியோவை மட்டும் நிற்பாட்டினார்.

உருண்டைகள் தப்பிவிட்டன. ஹோலில் வரிசை கலையாமல் நின்றது. பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வந்து திரும்பவும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அன்ரி ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு குலுக்கத் தொடங்கினார். ஐஸ் தகரத்தில் அடிபடுகிற சத்தத்துக்குப் பெரியவர்களும் எழும்பி வந்து பார்த்தார்கள். அம்மா மேசைத்துணி ஒன்றை எடுத்து மருமகளின் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டா, வெள்ளை உடுப்பில் ஊற்றக்கூடாது என்று. மருமகள் முதல் வாயை உறிஞ்சினாள். உருண்டை ஏறி வந்தபோது அவளுடைய கண் பெரிதானது இப்பவும் எனக்கு ஞாபகம்.

பிள்ளைகள் குடித்தார்கள். குடித்து முடிந்த பொடியள் ஸ்ட்ரோவுக்குள் உருண்டையை வைத்து ஒருவர்மேல் ஒருவர் ஊதினார்கள். ஒரு அங்கிள் உருண்டை எல்லாவற்றையும் கரண்டியால் தோண்டி எடுத்துத் தட்டில் அடுக்கி வைத்துவிட்டு, தேத்தண்ணியை மட்டும் குடித்து, நல்லாயிருக்கு என்றார். பூசை வைத்த சுவாமியும் வந்து ஒரு கப் வாங்கினார். ஒரு இழுவை இழுத்ததும் உருண்டை தொண்டைக்குப் போய்விட்டது. இருமினார். ஹோல் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. மச்சாள் என் கையை நசுக்கினா. சுவாமி இருமி முடித்து, கண்ணைத் துடைத்து, கப்பைத் திருப்பிப் பார்த்தார்.

“மெல்ல இழுக்க வேணும் போல” என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தார்.

அன்றிரவே அன்ரி புருஷனோடு பேசியிருக்கிறார். கனடாவுக்கு ரிக்கெற் எடுத்த பிறகு பேசினால் போதும், அதுவரை தனக்கு ரெலிபோன் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அடுத்த நாள் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு காலையில் கடை ரெலிபோன் அடிக்கவில்லை. கடை திறந்து கொஞ்ச நேரம் அன்ரி ஒரு வேலையும் இல்லாமல் மேசையடியில் நிற்பார். பிறகு போய்த் தண்ணீர் கொதிக்க வைப்பார். எனக்கு அம்மாவில் கோபமாகவும் இருந்தது. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “மெதுவாச் சொல்லியிருந்தால் இன்னும் தொங்கிக்கொண்டுதான் நிக்கும்” என்றா அம்மா.

அதற்கிடையில் கடை மாறிக்கொண்டிருந்தது. முதல் நன்மைக்கு வந்த பிள்ளைகள் தாய் தகப்பனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். தாய் தகப்பன், பக்கத்து வீட்டாரைக் கூட்டி வந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பட்டுச் சீலைகள் கடையை நிறைத்துவிடும். ‘உருண்டை போடாமல் ஒண்டு’, ‘தேத்தண்ணி குறைச்சு உருண்டை கூட’, ‘ஐஸ் வேண்டாம், தடிமன் பிடிச்சிருக்கு’ என்று எல்லாம் தமிழிலேயே வரும். அன்ரி ஐஸ் வேண்டாம் என்பதைத் தமிழில் பழகிவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவின் ரோல்ஸும் ஏறிவிட்டது. சீன மாணவர்கள் பபிள் ரீயோடு ரோல்ஸைக் கடித்து, உறைப்புக்கு இன்னொரு பபிள் ரீ வாங்கிக் குடித்தார்கள்.

புரட்டாசி முடிகிற நேரம், ஒருநாள் கடைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு உயரமான மனிதர் வந்தார். ஒவ்வொரு கையிலும் ஒரு சூட்கேஸ். அன்ரி குலுக்கிக்கொண்டிருந்த குவளையை நிறுத்தவில்லை. குலுக்கி, ஊற்றி, வாடிக்கையாளரிடம் கொடுத்து, மிச்சக் காசும் கொடுத்தார். பிறகு சீனத்தில் ஏதோ ஒரு சின்ன வசனம் கேட்டார். அந்த மனிதர் ஒரு சூட்கேஸைத் தரையில் வைத்துத் திறந்தார். அதற்குள் உடுப்பு இல்லை. முழுக்கத் தடித்த ஸ்ட்ரோ, கட்டுக் கட்டாக. இங்கே நல்ல ஸ்ட்ரோ கிடைப்பதில்லை என்று அன்ரி எப்போதோ முறைப்பட்டிருப்பார் போல. தொழிற்சாலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அன்ரி என்ன கேட்டார் என்று பிறகு விசாரித்தேன். “திரும்பிப் போகிற ரிக்கெற் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான்.”

அவர் வந்து ஒரு கிழமையில் பின்னறையில் வெள்ளை உருண்டை அவியத் தொடங்கியது. கறுப்பு தாய்ச்சுங், வெள்ளை தாய்னான். இரண்டையும் சுவரில் எழுதிப் போட்டார்கள். கடைக்கு வருகிற தமிழர்களிடம் எது நல்லது என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு பேரிடமும் உங்களுடையதுதான் என்று சொல்லிவிடுவார்கள்.

நான் அங்கே தொண்ணூற்றியொன்பதாம் ஆண்டுக் கோடை வரைக்கும் வேலை செய்தேன். வகுப்பு முடிந்து மார்க்கம் நகரத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை கிடைத்தது. கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வரிசை கதவுக்கு வெளியே போய்விட்டது. அன்ரியின் புருஷன் பின்னறையில் அவித்துக்கொண்டிருந்தார். ரோல்ஸ் கொண்டுவந்த அம்மா, யன்னலோர மேசையில் இருந்தா. அன்ரியும் கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஏப்ரனோடு போய் அம்மாவுக்கு எதிரே இருந்தார்.

இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். அம்மா தமிழில் மச்சாளைப் பற்றி என்னவோ சொன்னா. அன்ரி சீனத்தில் நீளமாகப் பதில் சொன்னார், கையால் பின்னறையைக் காட்டினார். அம்மா ஓம் ஓம் என்று தலையை ஆட்டி, ஆம்பிளையள் அப்பிடித்தான் என்றா. அன்ரி மேசையில் தட்டிச் சிரித்தார். வேலையோடு வேலையாகக் கேட்டுக்கொண்டிருந்த நான் இவர்களுக்கு என்ன விளங்குகிறது என்று பார்க்க, ஒரு கப்பைக் கையில் வைத்துக்கொண்டே கிட்டப் போனேன். “அன்ரி, அம்மா சொல்கிறது என்னவென்றால்” என்று தொடங்கினேன்.

“தெரியும்” என்றார் அன்ரி. “நீ போய் வரிசையைப் பார்.”

நான் திரும்பிப் போய் அடுத்தவருக்கு ஐஸ் வேண்டுமா என்று கேட்டேன்.